ஆட்டுக் கேஸும் என் லாரியும்

சாமிக்கு நேர்ந்துவிட்ட ஆட்டுக்காகத் திருட்டுக் கேஸில் மாட்டியவன், எங்கள் எஸ்டேட்டில் நான் ஒருவன்தான். சிம்பாங் அம்பாட் பக்கம் முனியாண்டிக்கு நேர்ந்த ஆட்டைக் கட்டிப்போட மாட்டோம். மஞ்சள் பூசி அவிழ்த்துவிடுவோம், படையலன்று பிடிப்போம். நானும் என் கறுப்புக் கிடாவைப் பிடித்தேன், வெட்டினேன், ஊரைக் கூட்டிச் சோறு போட்டேன். அடுத்த வரிசை வீட்டு மாமா இரண்டு தடவை கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் தன் கறுப்புக் கிடாவைக் காணோம் என்று நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார் மனுஷன்!

என் பிழைப்பே ஒரு சின்ன லாரிதான். ரெம்பியாவில் காய்கறி ஏற்றி, செங் ஊர்த் தொழிற்சாலை கேன்டீன்களில் இறக்குவேன். வக்கீல் ஃபீஸுக்கு அதை விற்றேன். ஜெயிலுக்குப் போனால் வீட்டில் அடுப்பு எரியாதே, வேறென்ன செய்ய? விற்ற அன்று அழுதேன்.

கோர்ட்டில் என் வக்கீல் மாமாவிடம் கேட்டார்: "அந்தக் கறியச் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"உங்க ஆடுன்னு அப்பத் தெரியலையா?"

"கறியில எப்படிங்கய்யா தெரியும்?"

மாஜிஸ்ட்ரேட்டே குனிந்து சிரித்தார். வேறு சாட்சியும் இல்லை, ஆட்டைத்தான் ஊரே தின்றுவிட்டதே. என்னை விடுதலை செய்தார்கள்.

வெளியே வந்ததும் வக்கீலைப் பிடித்தேன். "கேஸு போட்ட கவர்மெண்டு ஆளுங்க தோத்துட்டாங்கல்ல? என் செலவக் கட்டச் சொல்லுங்க லா."

"சும்மா தோத்ததுக்கெல்லாம் கட்ட மாட்டாங்கண்ணே. வேணும்னே பொய்க் கேஸு போட்டாங்கன்னு நாம காட்டணும்."

"நான் தோத்திருந்தா அபராதம். அவங்க தோத்தா?"

"ஃபைல மூடிட்டு மக்கான் சாப்பிடப் போவாங்க."

அப்போதுதான் அரசு வக்கீல் எங்களைத் தாண்டி, சிரித்தபடி கேன்டீன் பக்கம் போனார்.

"சரி, காட்டுவோம். என்ன செய்யணும்?"

"தனியா மனு போடணும். அதுக்குத் தனி ஃபீஸ்."

"அதுக்கு விக்க, இன்னொரு லாரிக்கு நான் எங்க போறது?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

வாசலில் பஸ்ஸுக்கு நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. மாமா மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து என் பக்கத்தில் நிறுத்தினார்.

"லாரி இல்லல்ல? ஏறு மாப்ள, ஒரே ஊருக்குத்தானே போறோம்."

போய்யா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பஸ் வருகிற வழியாக இல்லை. ஏறிக்கொண்டேன். வழி நெடுக அவர் முதுகில் ஓங்கிக் குத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் மனுஷன் கண்மண் தெரியாமல் ஓட்டினார். இரண்டு கையாலும் அவர் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.