மழையை அம்மாவிடம் விட்டுப் போன ஆண்டு

பெட்டிக்குள் அம்மா அடுக்கியவை, அடுக்கிய வரிசையிலேயே: பாவாடை இரண்டு, சட்டை இரண்டு, கம்பளித் துண்டு ஒன்று, ஈயத் தட்டு, டம்ளர், சீப்பு, ஒரு சீசா விளக்கெண்ணெய், ஸ்லேட்டு. எல்லாவற்றையும் நான் வெளியே எடுத்துப் பாயில் போட்டேன். அம்மா அதே வரிசையில் மறுபடி அடுக்கினாள். நான் மறுபடி எடுத்தேன். மூன்றாவது முறை அவள் பெட்டியை மூடி, அதன் மேலேயே உட்கார்ந்து கீரை ஆயத் தொடங்கிவிட்டாள். கோடை விடுமுறை முடிந்து நான் பள்ளிக்குத் திரும்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள் மாலை அது. எனக்குப் பதினோரு வயது.

எங்கள் வீடு ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தது. எட்டு வீடுகள் ஒட்டிக்கொண்டிருந்த வரிசையில் நாலாவது. நான் நடக்கப் பழகும் முன்பே அப்பா காய்ச்சலில் இறந்துவிட்டார். அம்மா கொழுந்து பறித்தாள். அவளுடைய தம்பி, என் மாமா, மலைக்குக் கீழே கம்பம் பக்கத்தில் ஒரு பெண்கள் விடுதிப் பள்ளியில் சமையல் வேலை பார்த்தார். அவர் கேட்டுக்கொண்டதால்தான் அங்கே எனக்கு இடம் கிடைத்தது. லயத்தில் யாரும் தங்கள் பெண்ணை அப்படி அனுப்பியதில்லை. அம்மாவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் நான் படிப்பதைப் பற்றி அவள் யாரிடமும் யோசனை கேட்கவில்லை.

நான் ஏன் போக மாட்டேன் என்றேன் என்பதற்கு அன்று அம்மாவிடம் பல காரணங்கள் சொன்னேன். சோற்றில் கல். விடுதிக் கூரை வெயிலில் சட்டியாய்க் காய்கிறது. முதல் ஆண்டு நான் போய்ச் சேர்ந்த அன்று என் காலில் ஒரு அட்டை ஒட்டிக்கொண்டு மலையிலிருந்து கூடவே வந்திருந்தது. அதைப் பார்த்துப் பள்ளியே அலறியது. அன்றுமுதல் என் பெயர் அட்டை. "அட்டை வந்தாச்சு, காலத் தூக்குங்கடி" என்று வகுப்பில் பெஞ்சின் மேல் ஏறிக்கொள்வார்கள். இவையெல்லாம் உண்மைதான். ஆனால் உண்மையான காரணம் வேறு. அதைச் சொன்னால் சிரிப்பாள் என்று கடைசிவரை வைத்திருந்தேன்.

காரணம் மழை.

தோட்டத்து ஆபீசுக்குப் பின்னால், மேட்டில், வேலி கட்டிய ஒரு சிறிய சதுரத்துக்குள் மழைமானி இருந்தது. மழைக் குழாய் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தாமிரப் புனல், அதன் கீழே ஒரு பாத்திரம், அவ்வளவுதான். தினமும் காலையில் பாத்திரத்துத் தண்ணீரை ஒரு அளவுக் கண்ணாடியில் ஊற்றி, எத்தனை என்று பார்த்துப் புத்தகத்தில் எழுத வேண்டும். ஓர் அங்குலத்துக்கு நூறு சென்ட். கண்ணாடியில் அரை அங்குலம் பிடிக்கும், ஐம்பது கோடுகள். அதை எழுதும் வேலை ரைட்டருடையது. தோட்டத்தின் கணக்கு வழக்கெல்லாம் அவர் கையில். மேடேற மூச்சு வாங்குகிறது என்று அந்தக் கோடையில் அவர் அதை என்னிடம் தள்ளிவிட்டார். "இங்கிலீஸ் நம்பர் தெரியும்ல? போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. கண்ணாடிய ஒடச்ச, தோலை உரிச்சிருவேன்."

இரண்டு மாதம் நான் அந்த வேலையைப் பார்த்தேன். கோடை மழை ஏழெட்டு நாள் பெய்தது. மற்ற நாளெல்லாம் வெறும் பாத்திரம். ஆனாலும் ஒரு நாள் தவறாமல் போனேன், புத்தகத்தில் பூஜ்யம் எழுதினேன். பூஜ்யங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. அப்படியே பழைய பக்கங்களையும் புரட்டினேன். முந்தைய ஆண்டுகளின் ஜூன், ஜூலை பக்கங்களில் ஒன்று, இரண்டு, ஒன்றரை, இரண்டு, ஒன்று என்றே எழுதியிருந்தது. சென்ட் கணக்கே இல்லை. மழை அப்படிப் பெய்யாது என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்தது. பெரிய மழையில் ரைட்டர் மேடேறியதே இல்லை. ஆபீசுக்குள் உட்கார்ந்து கூரைச் சத்தத்தைக் கேட்டு எழுதியிருக்கிறார்.

பள்ளி திறப்பது ஜூன் தொடக்கத்தில். மலையில் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, இறங்குவதும் அதே வாரம். இரண்டு மாதம் பூஜ்யம் எழுதியவள் நான். மழை வரும்போது நான் மலைக்குக் கீழே, வானம் மூடியிருந்தும் சொட்டு விழாத ஊரில் உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கே ரைட்டர் ஒன்று, இரண்டு, ஒன்றரை என்று எழுதுவார். இதை எப்படிப் பொறுப்பது?

கடைசியில் இதைத்தான் அழுதுகொண்டே சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. கீரைக் காம்பை ஒடித்துக்கொண்டே கேட்டாள்:

"இவ்வளவுதானா? மழய நான் பாத்துக்கிடுதேன். நீ போ."

"ஒனக்கு நம்பர் தெரியாதே யம்மா!"

"நம்பர் ஒனக்குத் தெரியுமுல்ல? நீ வந்து எழுது. தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுன்னு வச்சிருந்தாப் போதும்லா?"

"ரைட்டர் விடமாட்டாரு."

"மேடு ஏறாம இருக்க வழி கெடச்சா அந்த மனுசன் கும்புட்டு விடுவாரு, ஏட்டி."

மறுநாள் மாமா வந்தார். "மருமவளே, முகத்த ஏன் புளியில ஊறப்போட்ட மாதிரி வச்சிருக்க?" என்றார். குமுளிவரை வண்டியிலும், பிறகு கணவாய் வழியே நடந்தும் இறங்கினோம். திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மேகம் மேற்கே மலையின் தோள்மேல் ஏறிவிட்டிருந்தது. கூடலூரில் வெயில் அடித்தது. அந்த வெயிலை நான் அவ்வளவு வெறுத்தேன்.

பள்ளியில் அந்தக் காலாண்டு முழுவதும் எனக்கு நம்பிக்கை இல்லை. அம்மா சொன்னாள், சரி. ஆனால் விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்க வேண்டியவள். சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு, அட்டை ஏறாமலிருக்கக் காலில் புகையிலையும் சுண்ணாம்பும் தடவிக்கொண்டு, மாலைவரை மழையில் கொழுந்து பறிக்க வேண்டியவள். அவள் எப்போது மேடேறுவாள்? என்னைச் சமாதானப்படுத்தச் சொன்ன பேச்சு என்றே முடிவு செய்துவிட்டேன். அந்தக் கோபத்தில் அவளுக்கு மாமா மூலம் ஒரு வார்த்தைகூடச் சொல்லி அனுப்பவில்லை.

செப்டம்பரில் பத்து நாள் விடுமுறை. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா அடுப்புக்கு மேலிருந்த பரணிலிருந்து ஒரு சுருளை எடுத்து என் முன்னால் வைத்தாள். பிரித்துவிட்டாள். அது விரிந்துகொண்டே போய்ச் சுவரில் முட்டியது.

மூங்கில் சிம்புகள். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். நூறுக்கும் மேல். தட்டி பின்னுவதுபோல நாரால் பக்கம் பக்கமாகக் கட்டியிருந்தாள். ஒரு நாளைக்கு ஒரு சிம்பு. தினமும் பெரட்டுக்கு முன்னால் மேடேறி, அளவுக் கண்ணாடியில் தண்ணீரை ஊற்றி, பக்கத்தில் சிம்பை நிறுத்தி, தண்ணீர் நின்ற இடத்தில் கத்தியால் ஒரு வெட்டு. கண்ணாடி நிறைந்து மிஞ்சினால், நிறைந்த ஒவ்வொரு தடவைக்கும் சிம்பின் தலையில் ஒரு கீறல். ஞாயிற்றுக்கிழமைச் சிம்புகளில் மஞ்சள் தடவியிருந்தது. நான் கிளம்பிய மறுநாளிலிருந்து எண்ணினேன். ஒரு நாளும் குறையவில்லை. ஜூன் மாதத்து வெட்டுகள் ஏறி, ஜூலையில் தலைக் கீறல்கள் நெருங்கி, ஆகஸ்டில் மெல்ல இறங்கின. எங்கள் மண் தரையில் ஒரு மழைக்காலம் முழுவதும் படுத்திருந்தது.

நான் ஆபீசுக்கு ஓடினேன், அளவுக் கண்ணாடி வேண்டும் என்று. சிம்பைக் கண்ணாடியோடு நிறுத்திக் கோட்டைப் படித்தால் போதும், கணக்கு வந்துவிடும். ரைட்டர் தலையைச் சொறிந்தார். கண்ணாடி இல்லை. மூன்று நாளுக்கு முன்னால் தோட்டத்து மேனேஜர் தொரை சுற்றிப் பார்க்க வருகிறார் என்று கேள்விப்பட்டு, அந்த மழைக்காலத்தில் முதல் தடவையாக மேடேறியிருக்கிறார். வழுக்கி விழுந்ததில் கண்ணாடி போய்விட்டது. புதியது கோட்டயத்திலிருந்து வர வேண்டும். அதன் அளவும் பருமனும் எப்படி இருக்குமோ.

"அந்தக் குச்சிகளா? இனி அடுப்புக்குத்தான் ஆகும்" என்றார். அவர் குரலில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அவருடைய புத்தகத்தில் ஒன்றும் இரண்டும் ஒன்றரையும் வழக்கம்போல் எழுதப்பட்டிருந்தன.

வீட்டுக்கு வந்து அந்தத் தட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒவ்வொரு சிம்பாகப் பார்த்துக்கொண்டு போனபோதுதான் அது கண்ணில் பட்டது. அதுவரை பார்த்த எல்லாச் சிம்புகளிலும், மழை நாளோ வறண்ட நாளோ, கீழே விரல் அகலத்தில் ஒரு சின்ன வெட்டு இருந்தது. மேலே இன்னொரு சின்ன வெட்டு. எல்லாவற்றிலும் ஒரே இடத்தில்.

"இது என்ன யம்மா?"

"கீழ உள்ளது, கண்ணாடியோட அடித்தட்டு. தண்ணி அங்கதான தொடங்குது? மேல உள்ளது, நெறஞ்சு நிக்கிற எடம். எங்க தொடங்குது, எங்க முடியுதுன்னு தெரியாம நடுவுல வெட்டி வச்சா, அது என்ன அளவு?"

ஒரு சிம்பில் இரண்டு வெட்டுக்கும் நடுவே விரலால் அளந்து பார்த்தேன். அடித்தட்டு பூஜ்யம், மேல் வெட்டு ஐம்பது சென்ட். இரண்டுக்கும் நடுவே ஐம்பது பங்கு போட்டால் உடைந்த கண்ணாடி மறுபடி கைக்கு வந்துவிடும். ஒரு பழைய காகிதத்தில் ஐம்பது கோடு போட்டேன். பிறகு இன்னொன்று கேட்டேன். கண்ணாடியில் தண்ணீர் ஓரங்களில் ஏறி, நடுவில் தாழ்ந்து நிற்கும். தாழ்ந்த இடத்தைத்தான் படிக்க வேண்டும். "எங்க வெட்டுன, ஓரத்துலயா நடுவுலயா?"

"நடுவுலதான். நீ குனிஞ்சு குனிஞ்சு அங்கதான பாப்ப? ஓரத்துல ஏறுறது மழையா? அது கண்ணாடிய நக்குற தண்ணி."

கடைசியாக மூன்று சிம்புகள் மிச்சம். அவற்றில் எந்த வெட்டும் இல்லை. அடித்தட்டு வெட்டுகூட இல்லை. அவை கண்ணாடி உடைந்த பிறகு வந்த நாட்கள். மழை இல்லாத நாள் வேறு, அளக்காத நாள் வேறு என்று அவள் பிரித்து வைத்திருந்தாள். "சுமாரா வெட்டியிருக்கலாமே" என்றேன், அவளைச் சோதிப்பதற்காக. "சுமாரா வெட்டத்தான் ரைட்டர் இருக்காரே" என்றாள்.

இரண்டு நாள் உட்கார்ந்து முழுப் பட்டியலையும் எழுதினேன். அளக்காத நாட்களில் ஒரு கோடு மட்டும் இழுத்தேன். அதை எடுத்துக்கொண்டு நானும் அம்மாவும் ஆபீசுக்குப் போனோம். தட்டியை அம்மா கொழுந்துக் கூடையில் வைத்து முதுகில் மாட்டியிருந்தாள். தொரை அன்று அங்கே இருந்தார். ஆற்றுப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போன நாளைத் தேடிப் பார்த்தார். ரைட்டரின் புத்தகத்தில் இரண்டு அங்குலம். அம்மாவின் சிம்பில் தலை முழுக்கக் கீறல், பதினாறு. மேலே கொஞ்சம். எட்டு அங்குலம் பத்து சென்ட். தொரை அந்தச் சிம்பின் தலையைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவிப் பார்த்தார். பிறகு ரைட்டரிடம் தம்முடைய தோட்டத்துத் தமிழில் சொன்னார்: "இந்த அம்மா பாக்கும். நீ எழுது." காலை பெரட்டில் அம்மாவின் பெயரைக் கடைசியாகக் கூப்பிட வேண்டும் என்றும் சொன்னார், மேடேறி இறங்க நேரம் வேண்டுமே.

நான் இன்று ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருக்கிறேன். பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவள். மருந்தை அளவு கிளாசில் ஊற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்து, தாழ்ந்த இடத்தைப் படிக்கிறேன். எனக்குப் பாடம் சொன்னவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள், அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இல்லாததையும் தெரியாததையும் ஒரே குறியால் எழுதக்கூடாது என்று பயிற்சியின் முதல் வாரத்தில் அவர்கள் சொன்னபோது, என் பக்கத்தில் இருந்த பெண்கள் குறித்துக்கொண்டார்கள். நான் குறித்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கே அது தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் கர்வம்தான். அதை மறைக்க நான் முயன்றதில்லை.

ஆனால் செப்டம்பரோடு என் வீம்பு தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். அடுத்த கோடையும் முடிந்தது. மறுபடி எனக்குப் போக மனமில்லை. பள்ளியில் என் பெயர் இன்னும் அட்டைதான். இந்தத் தடவை நான் வாய் திறக்கவில்லை. எனக்காகப் பேச எதிர்பாராத ஓர் ஆள் வந்தார். புறப்படும் அன்று காலை, அம்மாவோடு நான் மழைமானி வேலிக்குள் நின்றபோது, ரைட்டர் மூச்சு வாங்க மேடேறி வந்தார்.

"இந்தா பாரு, ஒம் மவ எழுத்து முத்து முத்தா இருக்கு. இதுக்கு மேல என்ன படிப்பு? மழைக் கணக்க அவ பாக்கட்டும், ஆபீசுலயும் எனக்குக் கூடமாட இருக்கட்டும். நான் தொரைகிட்டச் சொல்லுதேன். வெயில்ல போயி ஏன் காயணும் புள்ள?"

நான் கேட்கத் துணியாததை எல்லாம் அவர் கேட்டுவிட்டார். மேற்கே வானம் கறுத்து வந்தது. முதல் துளிகள் தாமிரப் புனலில் விழுந்து டங் டங்கென்றன. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் புதுக் கண்ணாடியை முந்தானையால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லை.

"அந்த வேல காலியில்ல ரைட்டரய்யா" என்றாள். "அதுல நான் இருக்கேன்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "மாமா வந்து நிக்கான். மழ வலுக்கதுக்குள்ள எறங்கு."

நான் இறங்கினேன்.