பொறு அண்ணி கட்டிய எஞ்சின்

கார் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு அவளைப் பொறு அண்ணி என்று சொன்னால்தான் தெரியும். அந்தப் பெயரை வைத்தவள் அவளுடைய நாத்தனார். எதைக் கேட்டாலும் அண்ணியின் வாயிலிருந்து முதலில் "பொறு" என்றுதான் வரும். வீடு பற்றி எரிகிறது என்று ஓடிவந்து சொன்னாலும் "பொறு, எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்பாள் என்று அவள் கணவன் சொல்லிச் சிரிப்பான்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் தையல் மெஷின் கம்பெனியில் பாகம் பூட்டுகிற வேலை பார்த்தவள். வாழ்க்கைப்பட்ட வீட்டின் பின்புறம் ஒரு தகர ஷெட். அதில் மாமனார் பந்தயக் கார்களுக்கு எஞ்சின் கட்டிக்கொண்டிருந்தார். கடைசிக் காலத்தில் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தபோது, கையாக இருந்தவள் மருமகள்தான். மகன் தபால் ஆபீசுக்குப் போகிறவன். நட்டு எது, போல்ட்டு எது என்று கேட்டால் மோட்டுவளையைப் பார்ப்பான். அவர் போனபிறகு ஷெட்டை விற்றுவிடலாம் என்று சொந்தக்காரர்கள் பேச்செடுத்தார்கள். நாத்தனார் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டு, "அப்பா சாவிய அண்ணி கையிலதான் குடுத்தாரு" என்றாள். பேச்சு அத்தோடு முடிந்தது. அன்றிலிருந்து ஒருத்தி கட்டுவாள், ஒருத்தி ஓட்டுவாள்.

போன வருஷம் ஒரு எஞ்சின் அற்பாயுசில் போனது. அண்ணி தன் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்த நேரம். புதிதாகப் பூட்டிய எஞ்சினின் சத்தத்தைத் தோழிகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று நாத்தனாருக்கு ஆசை. ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஸ்லோவில் வெகுநேரம் ஓடவிட்டாள். சத்தம் தேனாக இருந்ததாம். அடுத்த வாரமே டக் டக் என்று தட்ட ஆரம்பித்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் கேம்ஷாஃப்ட் என்கிற தண்டில் ஒரு மேடு தேய்ந்து மொழுமொழுவென்று ஆகியிருந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்த லிஃப்டரின் அடிப்பாகம் குழி விழுந்து கிடந்தது. ஆயிலில் வெள்ளிப் பொடி மினுங்கியது.

அண்ணி திட்டவில்லை. தேய்ந்த தண்டை நாத்தனாரின் மடியில் வைத்து விரலால் தடவச் சொன்னாள்.

"இந்த மேடுதான் லிஃப்டரத் தூக்கும், லிஃப்டர் வால்வத் திறக்கும். பந்தய எஞ்சின்ல ஸ்பிரிங் முரட்டு ஸ்பிரிங். அத்தன பாரமும் இந்த இத்தனூண்டு இடத்துல. கீழ சுத்துற பெரிய தண்டு வாரி அடிக்கிற ஆயில்தான் இதுக்குக் கஞ்சித் தண்ணி. ஸ்லோல ஓடுனா ஆயில் மேல வராது. வெறும் வயித்துல வேல வாங்குன மாதிரி."

"கொன்னுட்டேனா அண்ணி?"

"இது போனா இன்னொண்ணு. மூக்கச் சிந்து மொதல்ல."

இந்த வருஷம் புது கேம்ஷாஃப்ட், புது லிஃப்டர்கள். பழைய லிஃப்டரைப் புது கேமில் போடவே கூடாது என்பது அண்ணியின் கறாரான சட்டம். ஒவ்வொரு மேட்டிலும் தேய்மானம் தடுக்கிற கறுப்புப் பசையை விரலால் அப்பினாள். ஆயில் கடைக்காரர் மினுமினுக்கும் டப்பாவை நீட்டி, "புது கார் எல்லாம் இதுலதாம்மா ஓடுது" என்றார். "எங்க கார் பழைய காலத்து மனுஷிங்க, துத்தநாகம் சேர்த்ததுதான் ஒத்துக்கும்" என்று சொல்லி வேறு டப்பாவை வாங்கி வந்தாள். முரட்டு ஸ்பிரிங்குகளைக் கழற்றி, முதல் ஓட்டத்துக்கென்று இளசான ஸ்பிரிங்குகளைப் பூட்டினாள்.

மறுநாள் மதியம் பயிற்சி ஓட்டம். அதில் எடுக்கிற நேரத்தை வைத்துத்தான் பந்தயத்தில் நிற்கும் வரிசை. நாத்தனார் விடியும்போதே ஷெட்டுக்கு வந்துவிட்டாள்.

"சாவியத் திருப்பட்டுமா?"

"பொறு. உன் நகப்பாலிஷக் குடு."

லிஃப்டருக்கும் வால்வுக்கும் நடுவில் நிற்கிற கம்பிகளின் தலையில் அண்ணி சிவப்பாகப் பொட்டு வைத்தாள். ஸ்பேனர் போட்டு எஞ்சினைக் கையாலேயே மெதுவாகச் சுற்றினாள். லிஃப்டர் மேலும் கீழும் போவதோடு தன்னைத்தானே சுற்றவும் வேண்டும். சுற்றினால் தேய்மானம் பரவும். நின்ற இடத்திலேயே நின்றால் மேட்டை அரைத்துத் தின்றுவிடும். சிவப்புப் பொட்டுகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஒன்று மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது.

நாத்தனாரும் பார்த்தாள். பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஓட ஓட சரியாயிடும்ல அண்ணி?"

"ஆகாதுடி."

"இன்னிக்கு ஓட்டலேன்னா கடைசி வரிசையில நிக்கணும்."

"தெரியும்."

நாத்தனார் ஹெல்மெட்டைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டு வெளியே போனாள். அவள் இதற்காக எத்தனை நாள் தவம் கிடந்தாள் என்பது அண்ணிக்குத் தெரியாதா? ஆனாலும் கை ஸ்பேனரைத் தேடியது. பக்க மூடியைக் கழற்றி, காந்தத்தால் லிஃப்டரை வெளியே இழுத்தாள். அதன் உடம்பில் மெல்லிய கீறல். லிஃப்டர் இருந்த துளைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவியபோது, ஓரத்தில் ஒரு பிசிறு தட்டுப்பட்டது. போன வருஷம் செத்த லிஃப்டர் விட்டுப்போன தழும்பு.

"வெளிச்சம் பத்தாது, இந்தாங்க." பின்னால் நாத்தனார் டார்ச்சோடு நின்றாள். கண் சிவந்திருந்தது. அண்ணி நகர்ந்து இடம் விட்டாள்.

பொடி கீழே விழாமல் துணியை அடைத்து, பிசிறை நைசாகத் தேய்த்தெடுத்து, கழுவித் துடைத்து, வேறொரு புது லிஃப்டரைப் போட்டார்கள். எஞ்சினைச் சுற்றினால் பொட்டு நகர்ந்தது. அதற்குள் பயிற்சி நேரம் போயே போய்விட்டது.

சாயங்காலம் ஸ்டார்ட் செய்தார்கள். எஞ்சின் பிடித்த மறு நொடியே வேகத்தை ஏற்றி, அரை மணி நேரம் இறக்காமல் ஓட்ட வேண்டும். நாத்தனாரின் கால் இதுவரை அறிந்தது இரண்டே விஷயம்: அழுத்துவது, விடுவது. இன்று நடுவில் நிறுத்த வேண்டியிருந்தது. வேகம் காட்டும் முள் ஏறினால் அண்ணி கையைத் தாழ்த்துவாள், இறங்கினால் உயர்த்துவாள். அந்த இரைச்சலில் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. வேலையிலிருந்து வந்த கணவன் காதைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தான். தங்கையின் கெண்டைக்கால் நடுங்குவதைக் கண்டு, முட்டிபோட்டு உட்கார்ந்து அதைப் பிடித்துவிட்டான்.

முடிந்ததும் ஆயிலை வடித்து, ஃபில்டரை அறுத்து, மடிப்புக் காகிதத்தை விரித்து வெளிச்சத்தில் பார்த்தார்கள். பசையின் கறுப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. அண்ணி முரட்டு ஸ்பிரிங்குகளைத் திரும்பப் பூட்ட உட்கார்ந்தாள்.

பந்தயத்தில் நாத்தனார் கடைசி வரிசையிலிருந்து கிளம்பினாள். முன்னால் நின்றவர்களில் பாதிப் பேரைத் தாண்டினாள். கோப்பை கிடைக்கவில்லை. ஆனால் எஞ்சின் ஒரு இடத்திலும் சுணங்கவில்லை. கடைசிச் சுற்றில்தான் அவள் அதிக வேகம் எடுத்தாள்.

இறங்கி வந்தவளைச் சுற்றிக் கூட்டம் கூடியது. முதலாவதாக வந்த ஓட்டுநர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணியிடம் வந்து, "எனக்கு ஒரு எஞ்சின் கட்டித் தருவீங்களா?" என்று கேட்டார்.

அண்ணி வாய் திறப்பதற்குள் நாத்தனார் அவள் தோளில் கை போட்டாள். "அவங்க என் அண்ணி. வரிசையில வாங்க" என்றாள்.

அண்ணிக்கு வெட்கத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நாத்தனாரின் கழுத்து வேர்வையை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள்.