வீட்டுக்காரரே திறந்த வால்வு

பிஷ்கெக் நகரத்தில் டிராலிபஸ் ஓட்டும் சைகலுக்கு வாய் அதிகம் என்று டிப்போவில் சொல்வார்கள். இருந்துவிட்டுப் போகட்டுமே. பதினெட்டு வருஷமாகப் பனியில் வண்டி ஓட்டுகிறவளுக்கு வாயாவது சூடாக இருக்க வேண்டாமா?

அவளும் மகள் அய்ஸாதாவும் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். மே கடைசிவரை என்று ஒப்பந்தம். வெப்பமும் தண்ணீரும் வீட்டுக்காரர் பொறுப்பு என்று அதில் எழுதியிருந்தது. ஜனவரியில் வீட்டுக்காரர் தொலோகன் வந்தார். தம்பி மகனுக்குக் கல்யாணமாம், உடனே காலி செய்ய வேண்டுமாம். முடியாது என்றாள் சைகல்.

மூன்றாம் நாள் காலையில் வெப்பக் குழாய் சில்லிட்டுக் கிடந்தது. தொலோகன் நிலவறையில் இறங்கி வால்வை அடைத்து, கைப்பிடியையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார். போனில் கேட்டதற்கு, காலி பண்ணினால் திறப்பேன் என்றார். இருமிக்கொண்டிருந்த மகளைப் பார்த்ததும் சைகலுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அந்த மகாபுத்திசாலிக்கு ஒன்று தெரியவில்லை. தனி வீட்டில் அடுப்பு மூட்டி வாழ்கிற மனிதர் அவர். இந்தக் கட்டடத்தில் கீழிருந்து மேலே போகிற ஒரே குழாய்தான் ஐந்து மாடிக்கும் சூடு கொடுக்கிறது.

சைகல் ஒப்பந்தத்தோடு மாடி மாடியாக ஏறினாள். குழாய் எங்கோ வெடித்துவிட்டது என்று நினைத்திருந்தவர்களிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். நான்காவது மாடி எர்மெக், மல்யுத்தம் சொல்லிக்கொடுக்கிறவர், தொலோகனை வரச் சொன்னார். மத்தியானம் ஐந்து குடும்பமும் நிலவறை வாசலில் நின்றது. தொலோகனுக்கு முகம் வெளிறிவிட்டது. கைப்பிடியை எடுத்து சைகலிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நீங்களே திறங்கண்ணே. மத்த மாடிக்காரங்க இல்லாம நான் மட்டும் குளிர்ல கெடந்திருந்தாலும் இது தப்புதான். கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

புது ஆட்டுத்தோல் கோட்டோடு குனிந்து திறந்தார். அதோடு விட்டார்களா? குழாயில் காற்று அடைத்துக்கொள்ளுமே! எர்மெக் அவர் கையில் வாளியைக் கொடுத்து, உச்சியில் காற்றைத் திறந்துவிட ஐந்தாவது மாடிக்கு அனுப்பினார். காற்றோடு சீறி வந்த கறுப்புத் தண்ணீரை தொலோகன் கோட்டிலேயே வாங்கிக்கொண்டார்.

இறங்கும்போது சைகலின் கதவருகே நின்று, எப்போதுதான் போவாய் என்று முனகினார். உள்ளே குழாய் கொதித்துக்கொண்டிருந்தது. சைகல் அதன்மேல் கை வைத்தபடி சொன்னாள்:

"மே முப்பத்தொண்ணு சாயங்காலம் சாவி உங்க கையில இருக்கும். காலையில வந்துராதீங்க, தூங்கிட்டிருப்போம்."