சிவந்துபோன சீர்க்குடம்

நேற்று எங்கள் பனியன் கம்பெனியில் பூஜைக்காகக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். செக்கிங் டேபிளில் இருந்த எனக்கு அந்த வாடை வந்ததும் கை நின்றுவிட்டது. சூப்பர்வைசர் முறைத்தார். முறைக்கட்டும், உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

கல்யாணமான புதிதில் அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரப் பட்டறையில் இருந்தேன். அங்கே மாணிக்கண்ணன் நெருப்பில் பித்தளையைப் பற்றவைத்து ஒட்டுவார். நெருப்புப் பட்ட இடம் கன்னங்கரேலென்று ஆகிவிடும். அதை ஆசிட் தொட்டியில் முக்கி, பிறகு புளியும் மணலும் போட்டுத் தேய்ப்பது என் வேலை. தொட்டிக்குள் இரும்பு படக் கூடாது, மரக்குச்சிதான். பட்டால் பித்தளை மேல் செம்பு ஏறிக்கொள்ளும். இதைச் சொல்லித்தான் வேலைக்கே சேர்த்தார்கள். என் மண்டையில் ஏற வேண்டுமே.

நான் சொல்ல வரும் நாளுக்கு முந்தின வாரம்தான் ஒரு விளக்கை நசுக்கியிருந்தேன். "இன்னொரு சாமான் கெட்டுதுன்னா ஊட்டுக்குக் கெளம்பிக்கோ கண்ணு" என்றார் முதலாளி. அப்போது என் வீட்டுக்காரருக்கும் வேலை இல்லை.

அன்று கழுத்தில் விரிசலோடு வந்தது பெருமாநல்லூர்க்காரரின் சீர்க்குடம். மறுநாள் மகளுக்குக் கல்யாணம். மாணிக்கண்ணன் கழுத்தைப் பற்றவைத்து என்னிடம் கொடுத்துவிட்டார். மரக்குச்சியைக் காணோம். அவசரத்துக்கு இரும்பு இடுக்கியால் பிடித்துத் தொட்டியில் உருட்டினேன். எடுத்தால் குடம் செக்கச்செவேலென்று இருந்தது. மெஷினில் பாலிஷ் போடவும் வழியில்லை, கழுத்தில் வெட்டியிருந்த பெண்ணின் பெயர் தேய்ந்துவிடும்.

அதற்குள் பெண்ணின் அப்பாவே முதலாளியோடு வந்து நின்றார். "பித்தளைதானுங்க குடுத்தேன். இதென்னுங்க, செம்பு மாதிரி இருக்குது?"

சூடு மிஞ்சினாலும் பித்தளை சிவக்கும். முதலாளி அதைத்தான் நினைத்தார். "ஏன் மாணிக்கம், சூட்டை மீற உட்டுட்டயா?"

மாணிக்கண்ணன் என் கையைப் பார்த்தார். இடுக்கியிலிருந்து ஆசிட் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆமாங்க. கை தவறிப்போச்சுங்க" என்றார்.

இருவரும் பொழுது சாயும்வரை கையாலேயே தேய்த்தோம். மஞ்சள் திரும்பியது, குடம் கல்யாணத்துக்குப் போனது. ஆனால் மறுநாள் முதல் நெருப்பு வேலை வேறொருவர் கைக்குப் போய்விட்டது. இருபது வருஷம் பற்றவைத்த மனுஷனைச் சாமான் தூக்க வைத்தார்கள். ஒரு மாதத்தில் நின்றுவிட்டார். அந்த ஒரு மாதமும் நான் வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை.

இன்று அந்தப் பட்டறை இருந்த இடத்தில் பனியன் குடோன் இருக்கிறது. மாணிக்கண்ணன் எந்த ஊரில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. முதலாளியும் போய்ச் சேர்ந்துவிட்டார். "இடுக்கியை உட்டது நாந்தானுங்க" என்று சொல்ல எனக்கு இப்போது பயமே இல்லை. கேட்கத்தான் ஆளில்லை.