உடைந்த ஸ்கிரீனும் மூன்று லினக்ஸும்

1. அழகு யாருக்கு?

"எதைப் போட்டாலும் ஒன்னுதான்லா அக்கா. அவருக்குத்தான் கண்ணு தெரியாதே."

சொன்னவர் செல்வம். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு என் கடைக்குள் வந்தவர் தனபால், செல்வத்தின் அக்கா புருஷன். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

"லேப்டாப் என்னோடதுக்கா. கேள்வியை என்கிட்டயே கேளுங்க" என்றார்.

மலேசியாவின் ஸ்கூடாயில் நான் கம்ப்யூட்டர் கடை போடுவதற்கு முன் பல வருஷம் சிங்கப்பூரில் சர்வர் ரூம் வேலை பார்த்தவள். வாடிக்கையாளரைப் பார்த்ததுமே அவருக்கு எது சரிவரும் என்று சொல்லிவிடுவேன் என்ற தலைக்கனம் எனக்கு உண்டு. லேப்டாப் மூடியைத் திறந்தேன். ஸ்கிரீன் குறுக்கும் நெடுக்குமாக விரிசல் விட்டிருந்தது.

"தம்பி, ஸ்கிரீன் உடைஞ்சு கிடக்கே. எப்பலேர்ந்து இப்படி?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்? அது ஒரு நாளும் என்கிட்ட சொல்லலையே."

செல்வம் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை ரொம்பக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார். யார் லேப்டாப்மேல் உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை.

தனபால் ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். அந்த வேலையையே எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து பண்டார் தெங்காராவில் மாமனார் வீட்டில் இருக்கிறார். ஜொகூர் பாருவில் ஓர் இணைய வானொலியில் ஒலிப்பதிவை வெட்டி ஒட்டி எடிட் செய்ய ஆள் தேடுகிறார்கள். தேர்வு அடுத்த திங்கட்கிழமை. சொந்த லேப்டாப்பைக் கொண்டுபோய் அவர்கள் முன்னாலேயே செய்துகாட்ட வேண்டும். பழைய விண்டோஸில் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் திக்கித் திணறியது. அதனால்தான் லினக்ஸ் கேட்டு வந்திருந்தார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் போடும் இலவச இயங்குதளம்தான் லினக்ஸ். அது நாசி லெமாக், அதாவது எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சோறு மாதிரி. சோறு ஒன்றுதான், பொட்டலம் கட்டுகிறவர் கையைப் பொறுத்துச் சம்பலும் நெத்திலியும் மாறும். அந்தப் பொட்டலத்துக்குப் பெயர் டிஸ்ட்ரோ. என் கடைக் கணக்கு சுலபமானது. ஆபீஸ் கிளார்க்குக்கும் வீட்டு ஆன்ட்டிக்கும் பார்க்க அழகான மிண்ட். சர்வருக்கு டெபியன். டெபியனில் அழகும் கிடையாது, புதுமையும் கிடையாது. போட்டுவிட்டு அதை மறந்துவிடலாம், அவ்வளவுதான். மூன்றாவது, தினம் தினம் புதுசாகிக்கொண்டே இருக்கும் ரோலிங் வகை. அதில் ஒன்றின் பெயரைச் சொன்னால்கூட அதன் பக்தர்கள் கடை வாசலில் வந்து நிற்பார்கள் என்பதால் சொல்லாமல் விடுகிறேன்.

வெளி மானிட்டரை மாட்டி, மிண்டை ஓடவிட்டேன்.

"இங்க பாருங்க, ஐகான் எல்லாம் எவ்வளவு அழகா..." என்று ஆரம்பித்து, பாதியில் வாயை மூடிக்கொண்டேன்.

"சொல்லுங்கக்கா, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றார் தனபால், முகத்தை அசைக்காமல்.

அவருக்கு ரோலிங் வகைதான் வேண்டுமாம். புது ஆடியோ எடிட்டர் அதில்தான் முதலில் வருகிறது என்று எங்கோ கேட்டிருக்கிறார். தினமும் மாறுகிற சாமானை வேலைக்கு எடுத்துப் போகாதீர்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.

"ஓட்டப்போறது நான்தானேக்கா" என்றார்.

கடுப்போடு போட்டுக் கொடுத்தேன். என் கடையை விட்டுப் போகிற எந்த மெஷினோடும் ஒரு டெபியன் பென்டிரைவ் போகும். பென்டிரைவ் சொருகியிருந்தால் மெஷின் முதலில் அதிலிருந்துதான் எழும்பும்படி செட் செய்வேன். சர்வர் ரூம் பழக்கம் அது. தனபாலின் பையிலும் ஒன்றைப் போட்டேன்.

2. யோங் பெங் கல்யாணத்தில் ஒரு ஃபோன்

தேர்வுக்கு முந்தின ஞாயிறு. ஸ்கூடாயிலிருந்து வெகுதூரம் உள்ள யோங் பெங்கில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துவிட்டேன். இலையில் சாம்பார் ஊற்றுகிற நேரத்தில் தனபாலிடமிருந்து ஃபோன்.

"அக்கா, காலையில அப்டேட் பண்ணேன். மெஷின் ஊமையாயிடுச்சு."

நான் சொன்னது சரியாகப் போய்விட்டது. சந்தோஷப்படலாம் என்று பார்த்தால் வரவில்லை. சத்தம் போன கம்ப்யூட்டர் அவருக்குப் பூட்டிய வீடு. இலையை மூடிவிட்டுக் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினேன். உள்ளே நாதஸ்வரம் காதைக் கிழித்தது. ஒரு காதில் விரலை விட்டுக்கொண்டேன்.

"செல்வம் பக்கத்துல இருக்காரா? ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்குன்னு கேளுங்க."

"கறுப்புக் கோடுதான்கா தெரியுது" என்று செல்வத்தின் குரல் வந்தது. "அலமாக், விரிசல்ல ஒன்னும் படிக்க முடியலை."

"அதை உட்கார்றதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்" என்றேன்.

பிறகு செல்வம், "விட்டுடலாம்லா. வர முடியாதுன்னு நானே ரேடியோவுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன். இவருக்கு என்ன குறைச்சல், வீட்ல சோறு இருக்கு" என்றார்.

"ஃபோனைக் கீழ வை மச்சான்." தனபால் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "அக்கா, இதை விட்டா அடுத்து எவன் என்னைக் கூப்பிடுவான்? வழி இருந்தா சொல்லுங்க, இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க."

வெயிலில் நின்று யோசித்தேன். அங்கே போய்ச் சேர்ந்தாலும் கையில் மானிட்டர் இல்லை, கடைச் சாவியும் வீட்டில். மிண்டே போட்டிருந்தாலும் இதே கதிதான். ஊமையான மெஷினைச் சரிசெய்ய நான் ஸ்கிரீனைப் பார்த்தாக வேண்டும். ஆனால் சர்வர் ரூமில் நான் குப்பை கொட்டியது எல்லாம் எதோடு? ஸ்கிரீனே மாட்டாத மெஷின்களோடு. அதில் பாதிக்கு டெபியன். அதை மெஷினில் ஏற்றும் இன்ஸ்டாலரே பேசும் என்று எப்போதோ படித்துவிட்டு, யாருக்கு வேண்டும் இது என்று சிரித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"தம்பி, உங்க ரெக்கார்டிங் எல்லாம் எங்க இருக்கு?"

"தனி ஹார்ட் டிஸ்க்ல."

"அதைக் கழற்றித் தள்ளி வையுங்க, மெஷின்ல இருக்கிறது எல்லாம் அழியப்போகுது. பையில ஒரு பென்டிரைவ் இருக்கும், அதைச் சொருகி மெஷினை ஆன் பண்ணுங்க. பீப்னு ஒரு சத்தம் வரணும். வந்ததும் எஸ் எழுத்தைத் தட்டி என்டர் பண்ணுங்க."

காத்திருந்தோம். ஃபோன் வழியாக மெல்லிய பீப் கேட்டது. பிறகு ஒன்றுமே இல்லை. அப்புறம் ஜலதோஷம் பிடித்த ரோபோ போல ஒரு குரல் ஆங்கிலத்தில் எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

"அக்கா, பேசுது" என்றார் தனபால்.

கார் நிறுத்துமிடத்தில் பட்டுச் சேலையோடு ஒரு லாரி டயரில் சாய்ந்துகொண்டு அழுதேன். அந்தப் பக்கம் போன மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்னைக் கல்யாணப் பெண்ணைப் பெற்றவள் என்று நினைத்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

ரோபோ ஒவ்வொரு கேள்விக்கும் பதில்களுக்கு நம்பர் போட்டு வாசித்தது. தனபால் நம்பரைத் தட்டினார். முதல் சில கேள்விகளுக்கு நான் உதவினேன். அதற்குப் பிறகு, "நீங்க சும்மா இருங்கக்கா, அது சொல்றது காதுல விழல" என்று என்னையே அடக்கிவிட்டார். மெஷினுக்குப் பெயர் கேட்டது. 'மச்சான்' என்று வைத்தார். தினமும் ஏசுவதற்குத் தோதாக இருக்குமாம். எல்லாம் முடிந்து மெஷின் மறுபடி எழுந்தபோது, டெஸ்க்டாப்பும் தானாகவே பேசியது. எடிட்டரை ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் இறக்கிக்கொண்டார். ஒரு வெர்ஷன் பழசுதான். அதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை, நானும் குத்திக்காட்டவில்லை.

நான் திரும்பிப் போனபோது பந்தி முடிந்து பாயசப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

3. இப்போது நான் கேட்கும் கேள்வி

தனபாலுக்கு வேலை கிடைத்துவிட்டது. ரோபோ குரலைக் கேட்டு வானொலிக்காரர்கள் முதலில் சிரித்தார்களாம். அவர் விரல் போன வேகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டதாம்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். எந்த டிஸ்ட்ரோ அழகு, எது வேகம், எது புதுசு என்று ராத்திரி முழுக்கச் சண்டை போடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் ஒன்றைக் கேளுங்கள். இது விழுந்தால் இவர் தனியாகத் தூக்கி நிறுத்துவாரா? கிளார்க்குக்கு இன்னும் மிண்ட்தான் கொடுக்கிறேன், விழுந்தால் அவருக்குக் கடைக்கு ஃபோன் பண்ணத் தெரியும். நேரம் போகாத காலேஜ் பையனுக்கு ரோலிங், விழுந்து எழுவதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. விழுகிற இடத்தில் உதவிக்கு ஆள் இல்லாதவருக்கு என்ன கொடுப்பது என்பதைத் தனபாலிடம்தான் கற்றுக்கொண்டேன்.

முதல் சம்பளம் வாங்கியதும் இனிப்போடு கடைக்கு வந்தார். தனியாக, பஸ் பிடித்து. ஒரு ஸ்கிரீன் இருக்கிறது, சும்மாவே மாற்றித் தருகிறேன் என்றேன்.

"வேணாங்கா" என்றார், லேப்டாப்பை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு. "ஸ்கிரீன் நல்லா இருந்தா செல்வம் மச்சான் உட்கார்ந்து படம் பார்ப்பான். இப்ப என்னைத் தவிர இதை வேற யாராலயும் ஓட்ட முடியாது."