இடப்பக்கத்துச் சிவப்புக் காகிதம்

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. அந்த ஐந்தாவது என் கொழுந்தன். நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தபோது அவன் தாயில்லாத ஆறு வயதுப் பிள்ளை. அவனுக்கு ஊட்டிவிட்டுத்தான் நான் சாப்பிடுவேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், எழுத வராது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். என் மடியில் ஒரு சிவப்புக் காகிதம் இருக்கிறது. பட்டாசு சுற்றுகிற காகிதம். சாயம் வெளுத்துவிட்டது. ஓரத்தில் கிரீஸ் பட்ட பெருவிரல் ரேகை மட்டும் இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. அது என் கொழுந்தனின் விரல்.

அவன் சிவகாசியில் ஒரு பட்டறையில் தொழில் கற்று, பழைய கார் ஒன்றை வாங்கி, எங்கள் தெருப் பெண்களைப் பட்டாசுக் கம்பெனிக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தான். ஆறு பேர் உட்காருகிற இடத்தில் பத்துப் பேர் இருப்போம். நானும் அதில்தான் போவேன். தீபாவளிக்கு முந்திய சீசனில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சாத்தூர் ரோட்டுப் பள்ளத்தில் கார் தடாலென்று இறங்கியது. எஞ்சினுக்கு அடியில் குறுக்காகக் கிடக்கும் கனத்த இரும்பு விரிசல் விட்டுவிட்டது. அதை மெம்பர் என்பான். முன்சக்கரம் இரண்டும் அதை நம்பித்தான் நிற்கின்றன. திங்கட்கிழமை காலை கார் ஓடவில்லையென்றால் டிரிப்பை வேறு வேனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கம்பெனி போர்மேன் சொல்லிவிட்டார். அது போனால் என் கொழுந்தனுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

அன்றைக்கே காரை மெதுவாக வாசலுக்குக் கொண்டுவந்து, எஞ்சினைச் சங்கிலியால் ஒரு மரக்கட்டையில் தொங்கவிட்டு மெம்பரைக் கழற்றினான். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி வேலை. நெருப்புப் பொறி ஆகாது. ராத்திரியோடு ராத்திரியாக விருதுநகருக்குக் கொண்டுபோய் விரிசலைப் பற்றவைத்து வந்தான். கழற்றிய சாமான்களைக் காக்கிற வேலை என்னுடையது. சக்கரத்தைத் தாங்கும் கைக்கும் மெம்பருக்கும் நடுவே சொருகுகிற மெல்லிய தகடுகள் இருந்தன. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல. ஒரு பக்கத்துத் தகடு மட்டும் ஒரு மயிரிழை கனம் கூட. "மாறிரக் கூடாது மதினி" என்றான். நான் இடப்பக்கத்ததைச் சிவப்புக் காகிதத்திலும், வலப்பக்கத்ததைப் பச்சையிலும் மடித்து வைத்தேன். கம்பெனியில் நான் கட்டும் பட்டாசுப் பொட்டலம் மாறியதாக ஒருவரும் சொன்னது கிடையாது. அந்தத் தெம்பு எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை மாட்டினோம். அவன் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். ஜாக்கியின் மேல் பலகை வைத்து, பலகை மேல் மெம்பர். ஒரு முனையை நான் பிடித்தேன். மறு முனையை முன்சீட்டுக்காரி பிடித்தாள். தினமும் முதல் ஆளாக வந்து முன்சீட்டில் உட்காருகிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பேர். சுத்தியல் இரும்பில் விழும்போதெல்லாம் நாங்கள் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். இரும்பும் இரும்பும் மோதாமல் வேலை பார்த்துப் பழகிய உடம்பு.

"ஏலே, மெதுவாத் தட்டுலே!"

"மதினி, இது வெடிமருந்து ரூம் இல்ல, நம்ம வாசல். பிடியை விட்றாதீக, என் நெஞ்சு மேல விழும்."

துளைக்குத் துளை நேர் வந்தது. எல்லா போல்ட்டையும் முதலில் விரலாலேயே ஏற்றினான். ஒன்றை முறுக்கிவிட்டால் மற்றது இடம் கொடுக்காதாம். பிறகு தகடு கேட்டான். "இடது எது மதினி?" "சிவப்பு" என்றேன். பிரித்துக்கூடப் பார்க்காமல் சொருகினான்.

கண்மாய்க் கரை வரை ஓட்டிப்போய்த் திரும்பினான். முகம் செத்திருந்தது. கார் ஒரு பக்கமாகவே இழுக்கிறதாம். "பத்துப் பொம்பளைகளை இதுல ஏத்த மாட்டேன். டிரிப்பு போனாப் போகட்டும்" என்றான். மறுபடி சக்கரத்தைக் கழற்றினான். தகட்டை உருவி விரலால் தடவினான். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கம்பெனியில் கிப்ட் பாக்ஸ் அடுக்கும்போது பெட்டியின் முகம் நம்மைப் பார்த்து இருக்கவேண்டும். அந்த முகத்தைப் பார்த்தபடிதான் எங்களுக்கு இடதும் வலதும். காரையும் நான் அதன் மூஞ்சிக்கு நேரே நின்று பார்த்துத்தான் மடித்திருந்தேன். ஓட்டுகிறவன் உள்ளே உட்கார்ந்து பார்க்கிறான், என் இடது அவனுக்கு வலது என்பது என் புத்தியில் ஏறவே இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான்: "என் கைத்தப்பு. மாத்திச் சொருகிட்டேன்."

முன்சீட்டுக்காரி சும்மா இருப்பாளா? "ஏம்ப்பா டிரைவரு, சோத்துக் கை எது, பீச்சாங்கை எதுன்னு உங்க மதினி ஊட்டும்போது சொல்லித் தரலையா?" என்றாள். வேடிக்கை பார்க்க நின்ற வாசலே சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே தகடுகளை இடம் மாற்றிச் சொருகினான்.

திங்கட்கிழமை காலை கார் நூல் பிடித்ததுபோல ஓடியது. டிரிப்பு கைவிட்டுப் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவனுக்கு 'பீச்சாங்கை டிரைவர்' என்று பேராகிவிட்டது. ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று தனியே கேட்டேன். "நான் ரோட்டைப் பாத்து ஓட்டிட்டுப் போயிருவேன். நீங்கதான் நாள் பூரா அந்த முன்சீட்டுக்காரி பக்கத்துல உக்காந்து பெட்டி கட்டணும்" என்றான். சிவப்புக் காகிதத்தை என் கையில் திணித்துவிட்டுக் கை கழுவப் போனான். தப்பு என்னுடையது என்று மறுநாள் எல்லாரிடமும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். வாய் வரவில்லை. என் பொட்டலம் மாறாது என்று பேர் வாங்கியவள் அல்லவா? அந்தப் பேரைக் காப்பாற்ற அவனுக்கு ஒரு பேரைக் கொடுத்துவிட்டேன். அவன் மகன் கல்யாணத்தில்கூட யாரோ அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

காரை எடைக்குப் போட்டு வெகுகாலமாகிறது. பேரன் புதுக் கார் வைத்திருக்கிறான். சக்கரம் நேராக நிற்கிறதா என்பதை ஏதோ மிஷினே பார்த்துச் சொல்கிறதாம். கொழுந்தனுக்குக் காது மந்தமாகிவிட்டது. இப்போதும் ஞாயிறு தவறாமல் வருவான். இதோ, வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறான். முன்சீட்டுக்காரியும் எதிர்வீட்டில்தான் இருக்கிறாள். அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

எழுதிவிட்டாயா, தாயி? வாசல்படியில் போய் நின்று வாசி. தகடு மாறிய இடம் வரும்போது தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசி. அதற்கு முன்னால் இந்தக் காகிதத்தை உன் சின்னத் தாத்தா கையில் கொடு.