காயட்டும், பேசலாம்

டப்பாவிலிருந்து ஆள்காட்டி விரலால் பெயின்ட்டைத் தொட்டு மூடியின் மேல் ஒரு பொட்டு வைத்து, அதற்கு ஹேர் டிரையரைக் காட்டிக்கொண்டிருக்கிறாள் கலர் அக்கா. எதிரே நிற்கிறவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் பெயின்டர் ஏணியில் ஏறி நின்று காத்துக்கொண்டிருக்கிறாராம். அவர் கொண்டுவந்த திரைச்சீலைத் துண்டும் டப்பாவில் இருப்பதும் ஒரே நிறமாகத்தான் அவருக்குத் தெரிகிறது. "அதான் சரியா இருக்கே மேடம், மூடிக் குடுங்க" என்கிறார். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஈரத்துல எல்லாமே சரியாத்தான் இருக்கும். காயட்டும், பேசலாம்."

பொட்டு காய்கிறது. மூடியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடக்கிறாள். வெயிலில் ஒரு முறை, நிழலில் ஒரு முறை. "ட்யூப்லைட்டை நம்பி யாருக்கும் பெயின்ட் குடுக்கக் கூடாதுங்க" என்று திரும்பி வந்து, இயந்திரத்தில் கறுப்பு ஒரு சொட்டு மட்டும் கூட்டுகிறாள். மறுபடி பொட்டு, மறுபடி டிரையர். வாடிக்கையாளர் ஏணியில் நிற்கிற பெயின்டருக்குப் போன் போட்டு இறங்கச் சொல்கிறார்.

அந்தக் கடையில் அவளுக்கு இது ஒன்பதாவது வருஷம். பெயின்டர்கள் வைத்த பெயர்தான் கலர் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். வலது கை ஆள்காட்டி விரலின் நகத்தடியைப் பார்த்தால் அன்றைக்குக் கடையில் என்ன வியாபாரம் ஆனது என்று சொல்லிவிடலாம். ஜனங்கள் எதையெதையோ கொண்டுவந்து இந்த நிறம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். சட்டைப் பொத்தான், உடைந்த தட்டு, காரிலிருந்து பெயர்த்தெடுத்த செதில். ஒரு அம்மாள் பூனையையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பூனையின் வயிற்றுப் பக்கத்து வெள்ளை இப்போது ஒரு படுக்கையறையின் நான்கு சுவர்களிலும் இருக்கிறது. பூனைக்குத்தான் அதில் அவ்வளவு திருப்தி இல்லை என்று கேள்வி.

முதலாளியைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது. அப்பா வைத்துவிட்டுப் போன பெயின்ட் கடையை முப்பது வருஷமாக நடத்துகிற அந்த நல்ல மனிதருக்குப் பச்சைக்கும் மண் நிறத்துக்கும் வித்தியாசம் தெரியாது. பிறவியிலேயே அப்படி. ஊருக்கே தெரிந்த ரகசியம், ஆனால் அவர் முன்னால் யாரும் வாய் திறந்ததில்லை. நிறங்களை எண்களாக மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார். எண் சொல்லிக் கேட்டால் இயந்திரத்தில் தட்டிவிடுவார். துண்டையோ பூனையையோ நீட்டினால் மட்டும், "அதெல்லாம் அம்மாகிட்ட கேளுங்க" என்று அக்கா பக்கம் கையைக் காட்டிவிட்டுப் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு பெயின்ட் தொழிற்சாலையிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. புது நிறங்களை உருவாக்குகிற ஆய்வுக்கூடத்தில் வேலை. சம்பளம், விடுமுறை எல்லாம் இருக்கட்டும். அக்காவின் மனசு வேறு ஒன்றில் மாட்டிக்கொண்டது. "இத்தனை வருஷமா அடுத்தவங்க கலரையே காப்பி அடிக்கிறேன். ஒரு கலரை உலகத்துலயே முதல்ல பாக்கற ஆளா ஒரு தடவையாவது இருக்க வேண்டாமா?" என்று வீட்டில் சொன்னபோது அவள் குரலே மாறிவிட்டது.

ஆனால் கடிதத்தின் வாலில் ஒரு முடிச்சு இருந்தது. கண் பரிசோதனை, படிப்புச் சான்றிதழ் சரிபார்ப்பு, இப்போதைய முதலாளியின் நற்சான்று. இவை மூன்றும் திருப்தியாக முடிந்தால் மட்டுமே நியமனம் செல்லும். சேர வேண்டியது அடுத்த மாதம் ஏழாம் தேதி. கடையிலோ ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டுத்தான் விலக வேண்டும். அப்படியென்றால் வருகிற சனிக்கிழமைக்குள் ராஜினாமா கொடுத்தாக வேண்டும். கண் பரிசோதனை முடிவு வரவே பத்து நாள் ஆகும். கொடுத்துவிட்டு அங்கே ஊற்றிக்கொண்டால் இரண்டும் இல்லை. கொடுக்காமல் இருந்தால் அந்த வேலை கை நழுவும்.

அவள் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். எதையும் உடனே முடித்துவிட வேண்டும் அவருக்கு. "உன் கண்ணுல குறை கண்டுபிடிக்க அவங்க மறுபடி பொறந்துதான் வரணும். எழுதிக் குடுத்துட்டு வா" என்றார்.

"மட்டுமேன்னு போட்டிருக்காங்க, பாத்தீங்களா?"

"அது எல்லா லெட்டர்லயும் போடறதுதான்."

"எல்லா லெட்டர்லயும் போடறதா இருந்தா எல்லா லெட்டர்லயும் அதை நம்பத்தான் வேணும்" என்றாள் அக்கா. ஆனாலும் அன்று மாலையே ராஜினாமாவை எழுதி, தேதி போடாமல், உறையில் வைத்துக் கைப்பையில் செருகிக்கொண்டாள். அதன்பின் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். மதில்மேல் பூனை என்பார்களே, அதேதான். முதலாளி இருமினால்கூட, இப்போது கொடுத்துவிடலாமா என்று பையைத் தொட்டுப் பார்ப்பாள்.

வியாழக்கிழமை பல் பிடுங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கண் பரிசோதனைக்குப் போனாள். தட்டுத் தட்டாகச் சின்னச் சின்ன வில்லைகள். நிறம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிற வரிசையில் அவற்றை அடுக்க வேண்டும். அடுக்கி முடித்துவிட்டு, "இதை வாசலுக்குக் கொண்டுபோய் ஒரு தடவை பாத்துக்கலாமா?" என்று கேட்டாள். அங்கிருந்தவர் சிரித்துவிட்டு, இந்த அறை விளக்கே பகல் வெளிச்சத்துக்குச் சமம் என்றார். அக்காவுக்கு அது செரிக்கவில்லை. இரண்டாவது தட்டில் பதினேழையும் பதினெட்டையும் மாற்றி வைத்துவிட்டோமோ என்று வழியெல்லாம் அந்த வரிசையை மனசுக்குள் மறுபடி மறுபடி அடுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கடைக்குத் திரும்பினால் அங்கே வேறு கூத்து. அவள் இல்லாத நேரத்தில் ஒருவர் உடைந்த மண் தொட்டியின் சில்லை நீட்டி, இதே நிறத்தில் இருபது லிட்டர் கேட்டிருக்கிறார். முதலாளிக்கு என்ன வீறாப்போ, தானே கலந்துவிட்டார். டப்பாவைத் திறந்தால் அச்சு அசல் பாசிப் பச்சை. வந்தவர் சில்லையும் டப்பாவையும் முதலாளியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சில்லை மட்டும் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிட்டாராம். "அவருக்கு ஏதோ அவசர வேலை" என்றார் முதலாளி. வீணாக்குவானேன் என்று அந்த இருபது லிட்டரையும் கடையின் பின்சுவருக்கு அடித்தார்கள். மண் நிறம் எவ்வளவு எடுப்பாக இருக்கிறது பார் என்று அவர் இன்றைக்கும் வருகிறவர்களிடம் பெருமைப்படுகிறார். அக்கா அன்று சிரித்தாள், பிறகு சிரிக்க முடியவில்லை. நான் போய்விட்டால் இந்த மனிதர் என்ன செய்வார் என்ற நினைப்பு அன்றுதான் அவளுக்குள் வந்து உட்கார்ந்தது.

சனிக்கிழமை வந்தது, போனது. உறை பைக்குள்ளேயே இருந்தது. அக்கா கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை கடையின் பின்பக்கம் தின்னர் பீப்பாய்களுக்கு நடுவே நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, தொழிற்சாலைக்குப் போன் செய்தாள். இந்த ஒரு போனுக்குத்தான் அத்தனை நாளும் பயந்தாள். கேட்டால் கோபித்துக்கொண்டு வேறு ஆளைப் போட்டுவிடுவார்களோ என்று பயம். மென்று விழுங்கிச் சொல்லி முடித்தாள். எல்லாம் உறுதியான பிறகுதான் இங்கே சொல்ல முடியும், அதிலிருந்து ஒரு மாதம் வேண்டும், முதலாளியிடம் கேட்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ள வேண்டும், அதுவும் தன்னிடம் சொல்லிவிட்டு.

"அவ்வளவுதானா மேடம்? சேர்ற தேதியை மாத்திக்கலாம். இதைக் கேக்கறதுக்குத்தானே லெட்டர்ல நம்பர் போட்டிருக்கோம்" என்றது மறுமுனையில் ஒரு பெண்குரல்.

அக்கா போனை வைத்துவிட்டுப் பீப்பாய் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரத் தூக்கம் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துபோன விஷயத்துக்காகப் போயிருக்கிறது. தன்மேலேயே கோபம் வந்தது, கூடவே பசியும் வந்தது.

பத்து நாளில் கண் பரிசோதனை முடிவு வந்தது. ஒரு வில்லைகூட இடம் மாறவில்லை. சான்றிதழும் சரி. முதலாளிக்கு நாளைக்கு நற்சான்றுப் படிவம் அனுப்புகிறோம் என்று அந்தப் பெண் சொன்னதும், காலையில் முதல் வேலையாக அவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு வந்தாள். படிவம் அவளை முந்திக்கொண்டது. முதலாளி மூக்குக் கண்ணாடியோடு அதை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. உங்க கம்பெனிக்காரங்கதான் கேட்டிருக்காங்க."

அக்கா அவசரமாக மேஜைக்குக் கிட்டே போனாள். "முதலாளி, நானே இன்னிக்கு..."

"பல்லு பிடுங்கப் போறேன்னு போனவ, அன்னிக்குச் சாயங்காலமே வறுத்த கடலையைக் கடகடன்னு கடிச்சுக்கிட்டு நின்னே. எனக்குக் கலர்தான் தெரியாது. கண்ணு நல்லாத் தெரியும்."

ஒன்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த விஷயம் வந்தது அதுதான் முதல் தடவை. அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. படிவத்தின் கடைசிக் கேள்வி, இவரை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்வீர்களா என்பது. அதற்கு நேரே முதலாளி, "நாளைக்கே" என்று எழுதியிருந்தார்.

அவள் பையிலிருந்து உறையை எடுத்து நீட்டினாள்.

"இது என்ன? அவங்க முடிவான லெட்டர் வந்துடுச்சா?"

"இல்ல. ஆனா உங்ககிட்ட மறைச்சு வச்சிருந்தது உறுத்துது."

"உறுத்தட்டும். உள்ள வை. நாளைக்கு அவங்க மாட்டோம்னு சொல்லிட்டா? இதை வாங்கி வச்சதுக்கு என் பொண்டாட்டி எனக்குச் சோறு போடுவாளா?"

வெள்ளிக்கிழமை முடிவான கடிதம் வந்தது. அக்கா மூன்று முறை படித்தாள். முதலாளியிடம் கொடுத்தாள். அவர் எழுத்து விடாமல் படித்து, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மட்டுமே, கிட்டுமே எதுவும் இல்லையே?"

"இல்ல முதலாளி."

"அப்ப இப்ப குடு."

அக்கா தேதியைப் போட்டு உறையை நீட்டினாள். அவர் பிடித்தார், இழுத்தார். உறை வரவில்லை. மறுமுனையை அவள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கெட்டியாகப் பிடித்திருந்தன.

"விடும்மா" என்றார் முதலாளி.

"விட்டுட்டேனே" என்று சிரித்தாள் அக்கா. விரல்கள் விடவில்லை.